ஒலிம்பிக் தகுதிப் போட்டியை மறுபடியும் கைவிட்டுவிடாதீர்கள்: கான்மெபோலுக்கு ஒரு திறந்த மடல்

தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோலின் தலைவர் அலெஹாந்திரோ தொமிங்கெஸ் அவர்களுக்கும், பராகுவேயின் லூக்கே நகரத் தலைமையகத்தில் உட்கார்ந்து போட்டி அட்டவணை போடும் எல்லோருக்கும்,

வணக்கம்.

2004 ஆகஸ்ட் 28, சனிக்கிழமை. ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் கால்பந்து இறுதி ஆட்டம் காலை 10 மணிக்குத் தொடங்கியது. இந்தியாவில் அப்போது மதியம் 12.30. உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பராகுவேத் தலைநகர் அசுன்சியோனில் விடிகாலை 3 மணி. ஒரு பக்கம் அர்ஜென்டினா: பியெல்சா பயிற்சியாளர், அயாலா, மாஸ்செரானோ, டெவெஸ் என்று பெரிய படை. இன்னொரு பக்கம் பராகுவே. 18ஆவது நிமிடத்தில் டெவெஸ் ஒரு கோல் போட்டார். அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்காத அணியிடம் அதைத் திருப்பிக் கொடுப்பது சாதாரணக் காரியமா? பராகுவே விடாமல் முயன்றது. எமிலியோ மார்ட்டினெஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், அப்புறம் டியேகோ ஃபிகெரேதோவும் போனார். கடைசி நிமிடங்களை ஒன்பது பேராக ஆடி, 1-0 என்று தோற்றார்கள்.

அன்று அவர்கள் கழுத்தில் ஏறிய வெள்ளிதான் பராகுவே என்ற நாடு ஒலிம்பிக்கில் வாங்கிய ஒரே பதக்கம். ஓட்டத்தில் இல்லை, குத்துச்சண்டையில் இல்லை, வேறு எந்த விளையாட்டிலும் இல்லை. முன்னாலும் கிடையாது, இன்று வரை பின்னாலும் கிடையாது. அதை வாங்கிக் கொடுத்தவர்கள் 23 வயதுக்குட்பட்ட பையன்களும் அவர்களோடு போன, வயது வரம்பைத் தாண்டிய மூன்று மூத்தவர்களும்தான்.

அந்த அணி எந்த நிலையில் களம் இறங்கியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை, அசுன்சியோனில் இக்குவா போலான்யோஸ் சூப்பர் மார்க்கெட் தீப்பிடித்தது. கதவுகள் பூட்டிக் கிடந்தன. 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 12ஆம் தேதி, அந்த ஊரின் பிள்ளைகள் ஜப்பானுக்கு எதிராக விளையாடி 4-3 என்று ஜெயித்தார்கள். கானாவிடம் தோற்று, இத்தாலியை 1-0 என வீழ்த்தி, காலிறுதியில் தென் கொரியாவை 3-2 என்று தாண்டினார்கள். அரையிறுதியில் எதிரே நின்றது ஈராக். அந்த அணிக்கும் சொந்த ஊரில் நிம்மதி இல்லை. அந்த ஆட்டத்தில் யார் தோற்றாலும் மனசு கனத்திருக்கும். ஹோசே கார்டோசோ இரண்டு கோல், ஃபிரெடி பரேய்ரோ ஒன்று, 3-1.

கார்டோசோவுக்கு அப்போது 33 வயது. தடுப்பில் நின்ற கார்லோஸ் கமர்ராவுக்கும் 33. கமர்ரா 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 21 வயதுப் பையனாக ஆடியவர். பன்னிரண்டு வருடம் கழித்து மூத்தவராகத் திரும்பி வந்து, தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்களோடு வெள்ளி வாங்கினார்.

பழைய கதையை உங்களிடமே திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒலிம்பிக் கால்பந்தில் 23 வயது வரம்பு வந்தது 1992இல். அன்றிலிருந்து பராகுவே மூன்றே மூன்று முறைதான் ஒலிம்பிக் போயிருக்கிறது: 1992, 2004, 2024. இதே காலத்தில் பிரேசில் போகாமல் விட்டதும் மூன்றே முறைதான். அதே 1992, 2004, 2024! இதை முதலில் கவனித்தபோது நம்பமுடியாமல் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். 2004 ஜனவரியில், சிலியில் நடந்த தகுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ரொபின்யோவும் டியேகோவும் இருந்த பிரேசிலை பராகுவே 1-0 என்று தோற்கடித்தது. 2024 பிப்ரவரியில், வெனிசுவேலாவில், எண்ட்ரிக் இருந்த பிரேசிலை மறுபடியும் 1-0 என்று தோற்கடித்தது. அந்த பிரேசில் அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய நாடு.

மூன்று முறையும் பராகுவே போனது ஒரே வாசல் வழியாகத்தான்: 23 வயதுக்குட்பட்டோருக்கென்று நீங்கள் தனியாக நடத்தும் ஒலிம்பிக் தகுதிப் போட்டி, உங்கள் மொழியில் ‘பிரேஒலிம்பிகோ’. அந்த வாசலைத்தான் 2004க்குப் பிறகு உங்கள் கூட்டமைப்பு இழுத்து மூடியது. பெய்ஜிங், லண்டன், ரியோ மூன்றுக்கும் 20 வயதுக்குட்பட்டோர் தென் அமெரிக்கப் போட்டியையே தகுதிப் போட்டியாக வைத்துக்கொண்டீர்கள். தனிப் போட்டி திரும்ப வந்தது 2020இல், கொலம்பியாவில். இடைப்பட்ட பதினாறு வருடத்தில் பராகுவே ஒரு ஒலிம்பிக்குக்கும் போகவில்லை. 2007 இளையோர் போட்டியைச் சொந்த மண்ணிலேயே நடத்தியும் பெய்ஜிங் வாய்ப்பு கிடைக்கவில்லை; பிரேசிலும் அர்ஜென்டினாவும் போயின.

தோற்றார்கள், அதனால் போகவில்லை, அதில் என்ன அநியாயம் என்று நீங்கள் கேட்கலாம். சரி, 2013ஐ எடுத்துக்கொள்வோம்.

அந்த வருடம் அர்ஜென்டினாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் பராகுவே இரண்டாம் இடம் பிடித்தது. கொலம்பியா மட்டும்தான் மேலே. அந்த அணியில் குஸ்தாவோ கோமஸ் இருந்தார், ஜூனியர் அலோன்சோ இருந்தார், தெர்லிஸ் கொன்சாலெஸ் இருந்தார். 1993, 94இல் பிறந்தவர்கள். ரியோ 2016இல் ஆட வயது வரம்பு 1993 ஜனவரி 1. அதாவது, ரியோவுக்கென்றே பொருத்தமாகப் பிறந்த பிள்ளைகள். கண்டத்திலேயே இரண்டாவது சிறந்த அணி என்று களத்தில் காட்டியும் விட்டார்கள். ஆனால் ரியோவுக்கான தகுதியை நீங்கள் 2015 இளையோர் போட்டியில் வைத்தீர்கள். அதில் ஆட 1995இலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஆட வயது இருக்கிறது. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் போட்டியில் ஆட வயது போய்விட்டது. கோமஸும் அலோன்சோவும் ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாமலே ரியோவை இழந்தார்கள். தோற்று இழந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இந்தக் கணக்கு பெரிதாக உறைக்காது. அங்கே 19 வயதிலேயே முழுசாகத் தேர்ந்த பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். பராகுவே போன்ற சுமார் 60 லட்சம் பேர் உள்ள நாட்டில் ஒரு தலைமுறை கூடிவர நேரம் எடுக்கும். 19 வயதில் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் இருந்தவன் 22இல் நடுக்களத்தையே தூக்கி நிறுத்துவான். அந்த மூன்று வருடத்துக்கு இடம் கொடுப்பதற்குத்தான் 23 வயதுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது.

அந்த மூன்று வருடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை 2024இல் பார்த்தோம். 2004இல் வெள்ளி வாங்கித் தந்த அதே கார்லோஸ் ஹாரா சகியேர்தான் இருபது வருடம் கழித்தும் பயிற்சியாளர். இறுதிச் சுற்றில் பிரேசிலை வென்று, அர்ஜென்டினாவோடு 3-3 சமன் செய்து, வெனிசுவேலாவை அவர்கள் ஊரிலேயே 2-0 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். பாரிஸில் முதல் ஆட்டத்தில் ஜப்பானிடம் 5-0 என்று வாங்கிய அடி பலமானது. அதிலிருந்து எழுந்து இஸ்ரேலை 4-2, மாலியை 1-0 என்று ஜெயித்துக் காலிறுதிக்கு வந்தார்கள். 2004 அணியில் ஹூலியோ சேசர் என்சிசோ என்று ஒரு மூத்தவர் நடுக்களத்தில் இருந்தார். 2024 அணியில் ஹூலியோ என்சிசோ என்று ஒரு இளைஞர்! ஸ்கோர் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நொடி வருடமே குழம்பிவிட்டது.

மார்செயில் எகிப்துக்கு எதிரான காலிறுதி. கேப்டன் டியேகோ கோமஸ் 71ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். 88ஆவது நிமிடம் வரை பராகுவே அரையிறுதியில் இருந்தது. அப்போது எகிப்து சமன் செய்தது. பெனால்டியில் 5-4 என்று போய்விட்டது. ஆறு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 10, அசுன்சியோன், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். அதே டியேகோ கோமஸ் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து, வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு உதை. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. பிரேசில் மறுபடியும் 1-0 என்று தோற்றது. 2010க்குப் பிறகு உலகக் கோப்பையே பார்க்காத நாடு, 2025 செப்டம்பரில் 2026க்கான இடத்தை உறுதி செய்தது. பிரேஒலிம்பிகோ சும்மா ஆள் நிரப்பும் போட்டி என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால், அந்த ஒரு உதையைப் போட்டுக் காட்டுங்கள்.

இப்போது இதை எழுத அவசரமும் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஆண்கள் கால்பந்துக்கு 16க்குப் பதில் 12 அணிகள்தான். பெண்களுக்கு 16 ஆக்கியிருக்கிறார்கள். அது சரியான முடிவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இடம் குறையும்போது செலவையும் நாட்களையும் குறைக்கலாமே என்ற யோசனை எந்த அமைப்புக்கும் வரும். அப்போது முதலில் கை வைக்கப்படுவது இந்த மாதிரிப் போட்டியில்தான். ஏற்கெனவே மூன்று ஒலிம்பிக்குக்கு அப்படித்தான் ஆனது.

என் கோரிக்கை இதுதான். 23 வயதுக்குட்பட்டோருக்கான தனித் தகுதிப் போட்டி ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் முன்னால் நடக்கும் என்பதை உங்கள் விதிமுறையிலேயே எழுதி வையுங்கள். அடுத்து வரும் நிர்வாகம் அட்டவணை நெருக்கடி என்று சொல்லி எடுத்துவிட முடியாதபடி எழுதுங்கள். ஒலிம்பிக்கில் இடம் ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும், அதில் ஆடக்கூடிய வயதுக்காரன் அதற்காகப் போட்டி போடவும் முடிய வேண்டும்.

இன்னொன்று, ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் விடுவது. ஒலிம்பிக் ஃபிஃபாவின் சர்வதேச அட்டவணைக்குள் இல்லாததால் கிளப்புக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது. 2008இல் மெஸ்ஸி விஷயத்தில் விளையாட்டு நடுவர் மன்றமே பார்சிலோனா பக்கம் தீர்ப்பு சொன்னது. கிளப் மனமிரங்கியதால்தான் அவர் பெய்ஜிங்கில் ஆடினார். மெஸ்ஸிக்காக இரங்கும் மனம், ஐரோப்பாவில் இப்போதுதான் காலூன்றும் ஒரு பராகுவேப் பையனுக்காகவோ பொலிவியப் பையனுக்காகவோ இரங்குமா? அவனுக்காக ஃபிஃபாவிடம் பேச உங்களை விட்டால் ஆள் இல்லை. தகுதிப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

தலைவர் அவர்களே, நீங்கள் பராகுவேக்காரர். அதனால் சொந்த நாட்டுக்குச் சலுகை காட்டுகிறார் என்று மற்ற நாடுகள் நினைக்கக்கூடும் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். இது சலுகை இல்லை. வெனிசுவேலா, பொலிவியா, ஈக்வடார், பெரு என்று எல்லோருக்கும் இதே வாசல்தான். 2000இல் சிலி சிட்னியில் வெண்கலம் வாங்கியதும் இந்தத் தகுதிப் போட்டி வழியாகப் போய்த்தான். குஸ்தாவோ கோமஸும் ஜூனியர் அலோன்சோவும் 2013க்குப் பிறகு எங்கே போய்த் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒருமுறை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஏதென்ஸ் இறுதி ஆட்டத்திலிருந்து பராகுவேயைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகன்