பழைய திங்க்பேட் வாங்கும் முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

எந்த லேப்டாப் வாங்கலாம் என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பத்துப் பதினைந்து டேப் திறந்த குரோம், இவ்வளவுதான் உன் வேலை என்றால், மலிவான புது லேப்டாப்பை விட சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய லெனோவோ திங்க்பேட் டி480 தேவலை என்பது என் கட்சி. 2018-இல் வந்த மாடல். கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளிவிடுவது. தேய்ந்த பாகத்தைக் கழற்றி மாற்றலாம், அதுதான் இதன் பலம். ரேம் ஸ்லாட் இரண்டு இருக்கிறது. மெலிதாக அழகாக இருக்கும் டி480எஸ்-இலும், அடுத்து வந்த டி490-இலும் ரேமில் ஒரு பங்கு போர்டோடு ஒட்டியே வரும். டி470-ஐக் குறைந்த விலை சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். அதன் ப்ராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஐ5-8250யூ அல்லது 8350யூ என்று இருந்தால் போதும். ஐ7-க்குக் கூடுதலாகக் கொடுக்காதே.

கடையில் எல்லோரும் மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீ பூட்டுகளைப் பார். மெஷினை அணைத்துவிட்டுப் போட்டு, லெனோவோ எழுத்து வந்ததும் எஃப்1 தட்டு. நேராக பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங் திரை, திறக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு. அது பழைய கம்பெனி போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில். "நான் எடுத்துத் தர்றேன் சார்" என்று கடைக்காரர் சொன்னால், எடுத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்.

இரண்டாவது பூட்டு கண்ணுக்கே தெரியாது. கம்பெனி தன் மெஷின்களை, தூரத்திலிருந்தே நிர்வகிக்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிந்து வைத்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்துவிடுவார்கள். கடையில் நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டுக் கொடுப்பதால் அன்றைக்கு எல்லாம் சரியாக ஓடும். ஒரு வருடம் கழித்து நீ ரீசெட் செய்து நெட்டில் இணைத்தால், யாரோ ஒரு கம்பெனியின் பெயர் போட்டு அவர்கள் ஆபீஸ் மெயில் ஐடி கேட்கும். ஃபார்மேட் அடித்தாலும் போகாது, ஏனென்றால் பதிவு டிஸ்கில் இல்லை. மெஷினின் அடையாளத்தோடு அவர்கள் கணக்கில் இருக்கிறது. ஆகவே பணம் கொடுக்கும் முன் ரீசெட் போடச் சொல், உன் போன் ஹாட்ஸ்பாட்டில் இணை. விண்டோஸ் ப்ரோ பதிப்பாக இருக்க வேண்டும். ஹோம் பதிப்பில் ஆட்டோபைலட் வேலை செய்யாது என்பதால் அதில் இந்தச் சோதனை செல்லாது. நேரம் பிடிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வா.

பேட்டரி இதில் இரண்டு. உள்ளே 24 வாட்-ஹவர். பின்னால் கழற்றி மாட்டுவது 24, 48, 72 என்று மூன்று அளவில் வரும். முதலில் பின் பேட்டரிதான் இறங்கும், அதனால் அதுதான் முதலில் சாகும். மெஷின் ஓடும்போதே அதை உருவி வேறொன்று மாட்டலாம், உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, இரண்டுக்கும் டிசைன் கெபாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் ஒப்பிடு. உள் பேட்டரியில் 24,000 மில்லிவாட்-ஹவர் இருக்க வேண்டிய இடத்தில் 14,000 இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறை. டச்பேடு அமுங்காமல் முட்டிக்கொண்டு நின்றால் உள் பேட்டரி உப்பியிருக்கலாம். திறந்து பார்க்காமல் வாங்காதே. வாங்கியதும் லெனோவோ வான்டேஜ் என்ற ஆப்பில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துவிடு, நீ எப்போதும் பிளக்கில் மாட்டியே வைப்பவன்.

சார்ஜர் யூஎஸ்பி-சிதான், வேறு துளையே கிடையாது. இடப்பக்கம் இருக்கும் இரண்டு போர்ட்டிலும் மாட்டிப் பார், வயரை லேசாக ஆட்டிப் பார். போர்ட் மதர்போர்டோடு சேர்ந்தது, ஆடினால் செலவு. இரண்டாவதாக இருப்பது தண்டர்போல்ட், அதே வடிவில் இருக்கும் வேகமான போர்ட். அதன் பழைய ஃபர்ம்வேரில் (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளில்) ஒரு கோளாறு உண்டு, நாளடைவில் போர்ட்டே படுத்துவிடும். லெனோவோ தளத்தில் திருத்தம் இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போடு. போன் சார்ஜரில் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் நம்பாதே. 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

திரையில் கஞ்சத்தனம் வேண்டாம். 1366×768 திரை பக்கவாட்டில் வெளிறும், தமிழில் கொம்பும் சுழியும் கரகரவென்று தெரியும். 1920×1080 ஐபிஎஸ் கேள். எஸ்எஸ்டிக்கு (டிஸ்குக்கு) வேகமான ஜென்4 ரகம் வாங்குவது வீண், இந்த மெஷின் அந்த வேகத்துக்கு வழி விடாது. அந்தக் காசில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் போட்டு 16 ஆக்கு. திறக்கும் முன் பயாஸில் உள் பேட்டரியை டிஸேபிள் செய், சார்ஜரைக் கழற்று, பின் பேட்டரியை எடு. அடி மூடியின் ஸ்க்ரூக்கள் தளர்ந்ததும் மூடியிலேயே தங்கும், முழுதாகப் பிடுங்க முயலாதே. கிளிப்புகளைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பு.

ஸ்பீக்கர் சுமார், கேமரா அதைவிடச் சுமார். மருமகன் சினிமா பார்க்கக் கேட்டால் ஹெட்போன் வாங்கிக் கொடு.

அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. மாடல் எண் 20எல்5 அல்லது 20எல்6 என்று தொடங்கினால் அது டி480. 20எல்7, 20எல்8 என்றால் டி480எஸ். சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்க மறக்காதே.

அன்புடன்,
சண்முகம்