பாதம் கழுவ யாரை உக்கார வைக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற பெரிய வியாழன் அன்னைக்கு, இயேசு தன் சீடர்கள் பாதம் கழுவுன நினைவா சாமியார் (பாதிரியார்) பன்னெண்டு பேர் பாதம் கழுவுறது எங்க கோயில்லயும் வருஷாவருஷம் நடக்குது, ஆனா அந்த பன்னெண்டு சேர்லயும் கமிட்டிக்காரங்க, பெரிய நன்கொடை குடுத்தவங்கதான், வீட்டுலயே சோப்பு போட்டு கழுவிட்டு வந்து உக்காந்திருக்காங்க, காலைல இருந்து வெறுங்காலோட கோயிலை பெருக்குன அக்கா வெடிச்ச குதிங்காலோட கடைசி தூண் ஓரமா நிக்கிறாங்க. மனசு கேக்கல.

2013-ல போப் பிரான்சிஸ் ரோம்ல சிறார் சிறைக்கே போயி 12 பேர் காலை கழுவுனாரு, அதுல ரெண்டு பொண்ணுங்களும் உண்டு, இஸ்லாமியரும் உண்டு. ஆம்பளைங்களுக்கு மட்டும்னு இருந்த விதியை 2016-லதான் மாத்துனாங்க. 2019-ல அதே போப் தெற்கு சூடான் தலைவர்கள் முன்னாடி 82 வயசுல மண்டி போட்டு அவங்க ஷூவை முத்தமிட்டு, சமாதானமா இருங்கன்னு கெஞ்சுனாரு.

பைபிள்ல யோவான் 13-ம் அதிகாரத்துல இயேசு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு சீடர்கள் காலை கழுவுனது வேலைக்காரங்க செய்யற வேலை, அதான் சீடர் பேதுருவே வேண்டாம்னு பதறினாரு. காட்டிக்கொடுக்கப்போற யூதாஸும் அந்த பந்தியில இருந்தான்.

அடுத்த வருஷம் அந்த அக்காவை முதல் சேர்ல உக்கார வைங்கன்னு பங்கு சாமியார்களை கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி