ஐந்து கேவிஏ வேண்டாம், கண்ணு

மடிப்பாக்கம், சென்னை - 91
12.9.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஜெனரேட்டர் படத்தை அப்பாவிடமும் காட்டினேன். "5 கேவிஏ, ஏசிகூட ஓடும், பணத்தைப் பற்றி யோசிக்காதே" என்று எழுதியிருந்தாய். கேவிஏ என்றால் மெஷின் எவ்வளவு மின்சுமை தாங்கும் என்கிற அளவு. மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிகிறது. போனில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். அந்த மெஷினுக்கு இன்னும் பணம் கட்டாதே.

முதலில், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் வந்த திங்கட்கிழமை. அன்று கரண்ட் போனதும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற அப்பாவின் கான்சன்ட்ரேட்டரை இன்வெர்ட்டரில் மாட்டினோம். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் 350 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. நம் பேட்டரி 150 ஏஎச் (ஆம்பியர் அவர்), 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட் அவர். கணக்குப்படி ஐந்து மணி நேரம் வர வேண்டும். பேட்டரிக்கு மூன்று வயது, கூடவே ஒரு ஃபேன், ஒரு லைட். மூன்று மணி நேரத்தில் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. சிலிண்டருக்கு மாற்றினேன். நம்முடையது 1500 லிட்டர் பிடிக்கிற சிலிண்டர், அப்பாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர். பன்னிரண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க டார்ச் அடித்து அடித்து சிலிண்டர் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையைத் தாண்டி சிவப்புக்கு வந்தபோது விடியவில்லை. எதிர்வீட்டுப் பையன் முழங்கால் தண்ணீரில் போய் அடுத்த சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அப்போது உன்னிடம் "எல்லாம் நல்லாயிருக்கோம்" என்றுதான் சொன்னேன். அங்கிருந்து உன்னால் என்ன செய்ய முடியும்?

அதனால் ஜெனரேட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கத்தான் வேண்டும், மழை தொடங்குவதற்கு முன்னாலேயே வாங்க வேண்டும். எது என்பதுதான் பேச்சு.

போன வாரம் பாரிமுனைப் பக்கம் போய் நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் முதலில் கேட்டது "எத்தனை கேவிஏ?" என்றுதான். எங்கே வைப்பீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. நம் தெரு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். 2015இல் தண்ணீர் கார் நிறுத்துமிடத்தின் மூன்றாவது படிவரை வந்தது, 2023இல் இரண்டாவது படிவரை. நீ பார்த்த 5 கேவிஏ மெஷின் எண்பது கிலோவுக்கு மேல். அது கீழேதான் நிற்கும். எந்த நாளுக்காக வாங்குகிறோமோ அந்த நாளில் அதுதான் முதலில் முழுகும். சக்கரம் இருக்கிறது என்கிறாய், தண்ணீரில் சக்கரத்தை எங்கே உருட்டுவது?

2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று ஒரு வகை இருக்கிறது. இருபது இருபத்திரண்டு கிலோ. நானும் எதிர்வீட்டுப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் மொட்டை மாடிக்குப் போய்விடும். கடையில் தூக்கிப் பார்த்தேன், ஒரு சிப்பம் அரிசி கனம்தான்.

இரண்டு கேவிஏ போதுமா என்று கேட்பாய். ஒரு நாள் உட்கார்ந்து வீட்டில் இருப்பதையெல்லாம் எழுதினேன். கான்சன்ட்ரேட்டர் 350. ஃபேன் இரண்டு, ஒன்றுக்கு 75. லைட்டும் வைஃபையும் சேர்த்து ஐம்பது. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150, ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பாட்டி வீட்டு ஆட்டுக்கல் ஞாபகம் இருக்கிறதா? ஊறிய அரிசியைப் போட்டுக் குழவியை முதல் சுற்று சுற்ற உடம்பே சாய வேண்டும், சுழல ஆரம்பித்தபின் ஒரு கை போதும். மோட்டார் உள்ள எதுவும் அப்படித்தான். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு நான்கைந்து மடங்கு இழுக்கும். அதையும் சேர்த்துத்தான் மெஷின் தாங்க வேண்டும். நம் கணக்கில் தாங்குகிறது, அந்த நொடியில் மற்றதில் ஒன்றிரண்டை அணைத்து வைத்தால் இன்னும் நல்லது.

தாங்காதது போர் மோட்டாரும் ஏசியும். ஒரு ஹெச்பி மோட்டார் ஓடுவதற்கே ஆயிரம் வாட்ஸுக்கு மேல் கேட்கும், கிளம்புவதற்குப் பல மடங்கு. பின்தெரு மாமா வீட்டில் பார்த்தேன், அவருடைய சின்ன ஜெனரேட்டரில் மோட்டார் சுவிட்சைப் போட்டார், மெஷின் ஒரு முறை உறுமி அப்படியே அடங்கிவிட்டது. 5 கேவிஏ வேண்டும் என்று நம்மைச் சொல்ல வைப்பது இந்த இரண்டும்தான். புயல் அறிவிப்பு வந்த அன்றே மேல்தொட்டியையும் டிரம்களையும் நிரப்பிவிட்டால் மோட்டார் தேவையில்லை. புயல் நாளில் ஏசி எதற்கு?

கடைக்காரர்கள் சொல்லும் எண்ணிலும் கவனம் வேண்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது மேக்ஸிமம், சில நிமிடங்களுக்குத்தான் அது. தொடர்ந்து ஓடுவதற்கு "ரேட்டட்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். 2.2 என்று போட்டால் ரேட்டட் 1.8தான் இருக்கும். நான் அதைத்தான் பார்த்தேன். இன்னொரு கடையில் அதே பணத்துக்கு 3 கேவிஏ சாதாரண மெஷின் தருவதாகச் சொன்னார்கள். அந்த வகை எப்போதும் 3000 சுற்றிலேயே ஓடும், ஒரு பல்பு எரிந்தாலும் சத்தம் குறையாது, பெட்ரோலும் பெரிதாகக் குறையாது. கரண்டும் ஏற்ற இறக்கமாக வரும். கான்சன்ட்ரேட்டருக்குள் இருப்பது நுணுக்கமான போர்டு, அப்பாவின் மூச்சு அதில் இருக்கிறது. இன்வெர்ட்டர் வகை நாம் இழுப்பதற்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கரண்ட் சீராக வரும். விலை கூடுதல்தான். உன் பணம் செலவாகட்டும் என்று நான் மனதாரச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

இப்போது எனக்கு ராத்திரி தூக்கம் கெட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். புகை. பெட்ரோல் மெஷின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும், அவ்வளவுதான், பிறகு எழுந்திருக்க மாட்டோம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாக நடத்தியவள் நான், ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இது இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று. அப்பா விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் இருக்கிறதே, அதை நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. ரத்தத்தில் இருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது, ஆள் விஷத்தில் கிடக்கும்போதும் 97, 98 என்று காட்டும். அதனால் பால்கனி கிடையாது, கார் ஷெட் கிடையாது, மாடிப்படி அறை கிடையாது. மழை சாரல் அடிக்கிறதே என்று கதவைப் பாதி சாத்தி உள்ளே வைப்பதும் கிடையாது. திறந்த மாடியில், படிக்கதவிலிருந்து இருபது அடிக்கு அப்பால், புகைக்குழாய் படிக்கதவைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்தபடி. நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரை போடச் சொல்லியிருக்கிறேன், மழையில் நனையக் கூடாது.

நாங்கள் தூங்கும்போது மெஷின் ஓடாது. இதை நான் முடிவாகவே வைத்துவிட்டேன். பகலில் ஜெனரேட்டர், ராத்திரி சிலிண்டர். பேட்டரியை ஜெனரேட்டரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நம் வீட்டு இன்வெர்ட்டர் பத்துப் பதினைந்து ஆம்பியர்தான் உள்ளே தள்ளும், மூன்று மணி நேரத்தில் கால்வாசியை ஒட்டித்தான் ஏறும். இரண்டு பேட்டரி வாங்கினாலும் கணக்கு அதேதான், மூன்று நாள் இருட்டை அது தாண்டாது. ஆகவே இரண்டு சிலிண்டர் நிரம்பியபடி எப்போதும் இருக்க வேண்டும். ஒன்று புதிதாக வாங்கிவிட்டேன்.

அப்புறம் ஒயரிங். நம் எலக்ட்ரீஷியன் தம்பி நல்ல பையன்தான், ஆனால் "இரண்டு பக்கமும் பிளக் வைத்து ஒரு ஒயர் போட்டுத் தருகிறேன், ஜெனரேட்டரிலிருந்து ஏதாவது ஒரு பிளக் பாயிண்டில் சொருகினால் வீடு முழுக்க எரியும்" என்றான். நான் உறுதியாக மறுத்துவிட்டேன். மெயினை அணைக்க ஒரு நாள் மறந்தால் அந்தக் கரண்ட் தெருவுக்குப் போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஏறினால் 230 அங்கே 11,000 ஆகிவிடும். லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பியைத் தொடுகிற ஈபிக்காரரை நினைத்துப் பார். மிக்ஜாம் புயலுக்கு அடுத்து வந்த புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நம் தெருவில் நின்றவர்களுக்கு நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். அவர்களில் ஒருவருக்கு உன் வயதுகூட இருக்காது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஈபி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. மாடியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள், எர்த் ஒயரோடு.

பெட்ரோல் பற்றிச் சுருக்கமாக. பாதி லோடில் மணிக்கு அரை லிட்டரை ஒட்டி ஆகும், பகல் பத்து மணி நேரத்துக்கு ஐந்து ஆறு லிட்டர். இரும்பு கேனில் பத்து லிட்டர், வெயில் படாத இடத்தில், அடுப்புக்கும் அப்பாவின் அறைக்கும் தூரமாக. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் வைக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எதிர்வீட்டுப் பையன் பைக்கில் ஊற்றிக்கொள்ளட்டும், நாம் புதிதாக நிரப்பலாம். பின்தெரு மாமா தன் மெஷினை எட்டு மாதம் அப்படியே டேங்கில் பெட்ரோலோடு விட்டிருந்தார், அடுத்த முறை கயிற்றை இழுத்து இழுத்துக் கை கொப்புளித்ததுதான் மிச்சம், கார்பரேட்டருக்குள் பிசின் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. நான் மாதம் ஒன்றாம் தேதி இருபது நிமிடம் ஃபிரிட்ஜை மாட்டி ஓட்டுவேன், நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி அது தானாக அணையும்வரை விடுவேன். புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டுமாம், காலண்டரில் குறித்தாகிவிட்டது. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றவே மாட்டேன், கவலைப்படாதே.

கயிறு இழுக்க என்னால் முடியுமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். கடையில் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், மூன்றாவதில் கிளம்பியது. மெதுவாக இழுத்து, பிடிப்பு தட்டுகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுக்க வேண்டும், அதுதான் பக்குவம்.

வரும் வியாழக்கிழமை பணம் கட்டி எடுத்துவரலாம் என்று இருக்கிறேன். உனக்குச் சம்மதம்தானே?

தீபாவளிக்கு வரும்போது எங்களுக்குத் துணி எதுவும் வேண்டாம். பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் அங்கே கடைகளில் கிடைக்கும். இரண்டு வாங்கி வா. ஒன்று அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், இன்னொன்று மாடிப்படி முடிகிற இடத்தில். எந்த வருஷம் வரை வேலை செய்யும் என்று பின்னால் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அம்மா