ஓடுவதும் ஓட்டுவதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ரயில் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஓட்டுநர் அறையில் கேமராவை வைத்து, வழி முழுக்கத் தண்டவாளத்தையே காட்டும் படங்களை ஜெர்மன்காரர்கள் 'ஃப்யூரர்ஷ்டான்ட்ஸ்மிட்ஃபார்ட்' என்பார்கள். அதைத் 'தலைவர் மேடைப் பயணம்' என்று பெயர்த்து, கட்டுரையாளர் கொஞ்சம் கிண்டலும் செய்திருந்தார். அங்கேதான் சறுக்கிவிட்டார்.

ஃப்யூரர் என்றதும் ஹிட்லர் ஞாபகம் வருவது இயல்புதான். ஆனால் ரயில் ஓட்டுநர் அங்கே இன்றும் 'லோக்ஃப்யூரர்'தான்; ஓட்டுநர் உரிமம் 'ஃப்யூரர்ஷைன்'. வண்டி ஓடுவது, வண்டியில் போவது 'ஃபாரன்'. அப்படிப் போகவைப்பது 'ஃப்யூரன்'. நம் ஓடு, ஓட்டு மாதிரியே! வழிநடத்துவது, தலைமை தாங்குவது எல்லாம் அதிலிருந்து கிளைத்த பொருள்கள்.

'ஷ்டான்ட்' நிற்கும் இடம். நீராவி இன்ஜினில் ஓட்டுநர் பெரும்பாலும் நின்றபடிதான் வேலை பார்த்தார். இப்போது சொகுசாக உட்கார்ந்து 300 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறார், பெயர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

நடுவில் வரும் 'ஸ்' நம் சாரியை போல. புளியும் பழமும் சேரும்போது 'அம்' வந்து புளியம்பழம் ஆகிறதே, அந்த வேலை. தனியே அதற்குப் பொருள் கிடையாது. அப்புறம் 'மிட்', அதாவது உடன். 'ஃபார்ட்' என்பது ஃபாரனின் பெயர்ச்சொல். ஆக, சொல்லின் இரு முனைகளிலும் ஒரே வேரின் பிள்ளைகள்.

கட்டுரையாளர் கைவிட்டது அந்த 'மிட்'டைத்தான். இந்தப் படங்களில் ஓட்டுநர் முகம் பெரும்பாலும் தெரியாது. சிலவற்றில் திடீரென்று 'ஸீஃபா' என்று ஓர் எந்திரக் குரல் கேட்கும். ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் பாதுகாப்புக் கருவியின் பெயர் அது. அவர் காலடிப் பெடலை 30 நொடிக்கு ஒருமுறையாவது விட்டு மிதிக்க வேண்டும். தவறினால் இந்தக் குரல், அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். குரல் சட்டென்று நிற்கும்போதுதான், பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், அவரோடு போய்க்கொண்டிருக்கிறோம் என்று உறைக்கும்.

'ஓட்டுநருடன் ஓர் ஓட்டம்' என்று போட்டிருக்கலாம். சரி, அடுத்த முறையாவது தலைவரை இறக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொன்மலை, திருச்சி