ஊசிமுனை நிலம்: ஒட்டாவா சமவாயத்தை விட்டு வெளியேறிய ஐந்து நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய நாடுகளின் பிரதமர்களுக்கும் பாதுகாப்பு அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

2025 டிசெம்பர் 27-இல் பால்டிக் நாடுகள் மூன்றும், 2026 ஜனவரி 10-இல் பின்லாந்தும், பெப்ரவரி 20-இல் போலந்தும் ஒட்டாவா சமவாயம் எனப்படும் மிதிவெடித் தடைச் சமவாயத்திலிருந்து சட்டப்படி வெளியேறிவிட்டீர்கள். ஏன் வெளியேறினீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். உக்ரைனில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே ரஷ்யாவோடு 1,340 கிலோமீற்றர் எல்லையைக் காக்க வேண்டிய பின்லாந்து போன்ற நாட்டுக்குப் பயப்படாதே என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ரஷ்யா அந்தச் சமவாயத்தில் ஒருநாளும் சேரவுமில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் கேட்கிறோம்: மீண்டும் இணையுங்கள்.

இந்த மடல் தமிழில் எழுதப்படுவதற்குக் காரணம் முகமாலை. கிளிநொச்சி மாவட்டத்தில், பளைக்கு வடக்கே, ஏ9 வீதியை ஒட்டிய மணல்நிலம். 2000-இல் ஆனையிறவு முகாம் வீழ்ந்த பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று கடல்நீரேரியிலிருந்து கடல்வரை முன்னரங்கு நீண்டது. அரச படையும் புதைத்தது, புலிகளும் புதைத்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. இலங்கை 2017 டிசெம்பரில் சமவாயத்தில் இணைந்தது. நிலம் முழுவதையும் துப்புரவாக்க அதற்குள்ள கெடு 2028 ஜூன் 1. துவக்குகள் ஓய்ந்து பதினேழு ஆண்டாகியும் வேலை முடியவில்லை.

நீங்கள் விலகும்போது சொன்னவை நினைவிருக்கிறது. பொறுப்போடு கையாளுவோம், பொதுமக்களைக் காக்கும் போர்ச் சட்டங்களை மதிப்போம் என்றீர்கள். மனதார நம்பித்தான் சொல்லியிருப்பீர்கள். ஆகவே, புதைத்ததை எடுப்பது எப்படி என்பதை ஒரு சதுர மீற்றர் அளவில் மட்டும் பாருங்கள்.

ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை குறிப்பார்கள். இரு பக்கமும் முளைக்குச்சி, கயிறு. குறுக்கே சிவப்பு அடித்த ஒரு கட்டை. அந்தக் கட்டைக்குப் பின்னால் உள்ளது பார்த்து முடித்த நிலம், முன்னால் உள்ளது பார்க்காத நிலம். பணியாளர் அதற்குப் பின்னால்தான் முழங்காலிடுவார். முதலில் கண்ணால் பார்ப்பது. பிறகு மெல்லிய கம்பியை நீட்டி இழுகம்பி ஏதும் தடக்குகிறதா என்று பார்ப்பது. பிறகு புல்லைக் கத்தரிக்கோலால் பிடி பிடியாக வெட்டி, கையோடு பின்னால் கொண்டுபோய்ப் போடுவது. அதற்குப் பிறகுதான் உலோகம் காட்டும் கருவி.

கருவி சத்தமிடும் இடத்தில் குத்தூசியை ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில் மெல்லச் செலுத்துவார்கள். நேர்குத்தாகச் செலுத்தினால் வெடியின் தலையில் அழுத்தும். சரிவாகப் போனால் விலாவில் முட்டும். முட்டியதும் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து மண்ணை விலக்க வேண்டும். சத்தமிட்டது பெரும்பாலும் வெடியாக இருக்காது. செல் சிதறல், துவக்கு ரவையின் கோது, ஆணி, மீன்ரின் மூடி என்று ஏதாவது இருக்கும். எதுவாக இருந்தாலும் அதே பொறுமை, அதே முப்பது பாகை.

முகமாலையில் இந்த முறை பல இடங்களில் கைகொடுக்கவில்லை. பல ஆண்டு செல் விழுந்த மண் அது. கருவியை எங்கே வைத்தாலும் கத்துகிறது. வெடியிலோ உலோகம் மிகக் குறைவு. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வட்டில் அது. ஆகவே நீண்ட பிடி போட்ட இரும்பு வாரிகள் இரண்டு. இலேசானது சருகையும் புல்லையும் வாரும். கனமானது மணலைச் சில சென்ரிமீற்றராகத் தளர்த்தி, பணியாளரை நோக்கி இழுக்கும். மணல் சரிவு ஒன்று முன்னால் உண்டாகும். அந்தச் சரிவின் முகத்தில் ஒரு வளைந்த விளிம்போ நிறமாற்றமோ தெரிந்தால் வாரி கீழே வைக்கப்படும். தூரிகையால் ஒரு பக்கத்தை மட்டும் வெளிப்படுத்தி, மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார்கள். செயலிழக்கச் செய்வதா, இருந்த இடத்திலேயே வெடிக்கவைப்பதா என்பதை அவர் முடிவெடுப்பார்.

வாரி தெரிவானதற்குக் காரணம் உண்டு. வெடி மேலிருந்து விழும் மிதிக்குக் காத்திருப்பது. வாரிப்பல் பக்கத்திலிருந்து வருகிறது. தப்பி வெடித்தாலும் நீளப்பிடி கையையும் முகத்தையும் தள்ளி வைக்கிறது.

எங்கே பிழை நேரும்? மழையும் மாட்டுக் குளம்பும் சில வெடிகளைச் சரித்து வைத்திருக்கும். அழுத்தத்தட்டு வானத்தைப் பாராமல் வாரியைப் பார்த்திருக்கும். வேர்கள் வெடியைச் சுற்றிப் பிடித்திருக்கும், வேரை இழுத்தால் வெடியும் வரும். அதனால் வேரைப் பிடுங்காமல் வெட்ட வேண்டும். மண் அணையைச் சரித்து மறுபடி கட்டிய இடங்களில் ஓர் அடுக்குக்குக் கீழே இன்னோர் அடுக்கு இருக்கும். புலிகளின் ஜொனி மிதிவெடிக்கு மரப்பெட்டி. பெட்டியைக் கறையான் தின்றுவிடும், உள்ளிருக்கும் வெடிமருந்தைத் தின்னாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே வெயில். முகக்கவசத்தின் உள்பக்கம் ஆவி படிந்து கண் மறைக்கும். வியர்வையைத் துடைக்கக் கவசத்தைத் தூக்கும் அந்த இரண்டு நொடிதான் கண்ணைப் பறிக்கும். மேற்பார்வையாளர் நாள் முழுக்க ஓயாமல் அதட்டுவது இதற்காகத்தான்.

இப்படி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சில சதுர மீற்றர் நகரும். இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் பெண்கள். போரில் கணவனை இழந்து, வீட்டுக்கு வேறு உழைப்பு இல்லாமல் வந்தவர்கள் அவர்களில் உண்டு. தாங்கள் புதைக்காததை எடுக்கிறார்கள்.

வரைபடம் வைப்போம், பதிவு வைப்போம் என்று சொல்வதை மறுக்கவில்லை. வைக்கத்தான் வேண்டும். ஆனால் பதிவு ஏதோ ஓர் அடையாளத்திலிருந்துதான் தொடங்குகிறது. இந்தப் பனையிலிருந்து வடக்கே நாற்பது கவடு என்று எழுதிவைத்தால், அடுத்த மாதம் செல் விழுந்து பனை வட்டோடு போய்விடும். செய்மதி கொண்டு குறித்தாலும், குறித்தவரும் கொப்பியும் ஒரே பங்கருக்குள் அழிந்துபோவது போரில் வழமை. பின்வாங்கும் படை அவசரத்தில் எறிந்துவிட்டுப் போவதை எவரும் குறிப்பதில்லை. உங்கள் நாடுகளில் இதற்கு மேல் ஒன்றும் உண்டு. மாரியில் நீர் உறைந்து மண் பொங்கும்போது வயலில் கல் மேலேறுவது உங்கள் கமக்காரருக்குத் தெரியும். கல்லோடு வெடியும் ஏறும். இளவேனிலில் பனி உருகி ஓடும் வெள்ளத்தோடு இடமும் மாறும். 2014 மே மாத வெள்ளத்தில் பொஸ்னியாவில் குறித்து வைத்த வெடிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் சேர்ந்தே அடித்துச் செல்லப்பட்டன.

தானே அழியும் நவீன வெடி என்று ஒரு பதில் வரும். நீங்கள் இன்னும் கட்டுப்பட்டிருக்கும், சில மரபு ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறையின் கணக்கையே எடுப்போம். முப்பது நாளில் நூற்றுக்குத் தொண்ணூறு தானாக வெடித்தழிய வேண்டும். நூற்றிருபது நாளுக்குப் பிறகு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது. ஒரு இலட்சம் தூவினால், விதி அப்படியே நிறைவேறினாலும், பத்தாயிரம் வரை மண்ணில் கிடக்கும். அவற்றுள் நூறுவரை உயிருள்ளவை. எந்த நூறு என்று எவருக்கும் தெரியாது. அகற்றப் போகிறவர் பத்தாயிரத்தையும் உயிருள்ளதாகவே நடத்த வேண்டும். ஒரு வெடியை மூன்று டொலருக்குச் செய்யலாம், அதை எடுக்க முந்நூறு முதல் ஆயிரம் டொலர் வரை ஆகும் என்று ஐ.நா. நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது.

மிதித்தவர் கதி இன்னும் நீளமானது. வெடிப்பு மண்ணையும் புல்லையும் செருப்புத் துண்டையும் எலும்போரமாக மேலே செலுத்திவிடும். அதனால் காயம் தெரியும் இடத்துக்கு மேலே வைத்துத்தான் காலை எடுக்க வேண்டிவரும். குழந்தை என்றால் எலும்பு தசையை முந்தி வளரும், திரும்பத் திரும்ப அறுவை வேண்டும். செயற்கைக் காலையும் வளர்த்திக்கு ஏற்ப அடிக்கடி மாற்ற வேண்டும். 2023-இல் மட்டும் மிதிவெடிகளாலும் வெடிக்காமல் எஞ்சிய வெடிபொருட்களாலும் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக உலகில் குறைந்தது 5,757 பேர் பதிவானார்கள். வயது தெரிந்த பொதுமக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுவர்கள். எல்லை காக்கும் ஆயுதம் என்று நீங்கள் சொல்வது யாரைத் தேடிப் போகிறது என்று பாருங்கள்.

எங்கள் பழங்கதையில் கண்ணன் தூது போகிறான். பாதி நாடு வேண்டாம், ஐந்து ஊர் போதும் என்கிறான். ஊசி முனை குத்தும் அளவு நிலமும் தரமாட்டேன் என்கிறான் துரியோதனன். பதினெட்டு நாள் போர் அந்த ஊசிமுனையில் தொடங்கியது. முகமாலையில் மணலுக்குள் போகும் குத்தூசியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் வருகிறது. அன்று மறுக்கப்பட்ட அதே அளவில்தான் நிலம் திரும்பக் கிடைக்கிறது. சங்க காலத்து வேந்தர்களும் இரக்கம் பார்த்தவர்கள் இல்லை. பகைவன் அரணை இடித்து, கழுதை பூட்டி உழுது, வெள்வரகும் கொள்ளும் விதைத்து அவமதித்தார்கள். ஆனால் விதைத்தது வரகு. அடுத்த மழைக்கு அந்த நிலத்தில் எவரும் இறங்கி நடக்கலாம்.

பின்லாந்து அரசுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் தொல்கதையில் கொல்லன் இல்மரினனுக்கு ஒரு சோதனை வைக்கப்படுகிறது. விரியன்கள் நெளியும் வயலை உழ வேண்டும். இரும்புக் காலணி மாட்டி, எஃகுக் கவசம் பூட்டி, தானே அடித்த கலப்பையோடு இறங்கி உழுது முடிக்கிறான். மிதிவெடி அகற்றும் பெண் காலையில் மார்புக் கவசத்தைக் கட்டும்போது இருக்கும் கோலம் அதுதான். வயலில் பாம்பை விட்டவனை உங்கள் முன்னோர் நாயகன் ஆக்கவில்லை. 1944-45-இல் லாப்லாந்தை விட்டுப் பின்வாங்கிய ஜெர்மன் படை ரோவானியமியை எரித்து, வழியெங்கும் வெடி புதைத்துப் போனதையும், அதை எடுக்கப்போய் உங்கள் ஆட்கள் செத்ததையும் உங்கள் வடக்கு மறந்திருக்காது. உங்கள் கையிருப்பிலிருந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வெடிகளை நீங்களே அழித்து முடித்தது 2015-இல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆண்டுக்கணக்கில் வயல்களைத் துப்புரவாக்கிய போலந்துக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அமைதி என்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 2015 செப்டெம்பர் 17-இல் மொசாம்பிக், அறியப்பட்ட மிதிவெடி எதுவும் தன் மண்ணில் இல்லை என்று அறிவித்தது. வேலை தொடங்கியது 1993-இல். நடக்கிற காரியம், இருபத்திரண்டு ஆண்டு பிடிக்கிற காரியம். தனிமனிதருக்கு அமைதி எது என்றால், விடியப்புறம் வளவின் கோடிக்குப் போகிற பெண் கீழே பாராமல் கால் வைப்பது. மாடு பற்றைக்குள் போனால் பிள்ளை பின்னால் ஓடலாம் என்பது. விழுந்த தேங்காயை எடுக்க வரம்பைத் தாண்டலாம் என்பது. தியானத்தில் கிடைக்கும் அமைதியை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. காணியில் கால் வைக்கப் பயந்தவருக்கு அது கண்ணை மூடினாலும் கிடைப்பதில்லை.

கோபத்தை மறைக்க விரும்பவில்லை. போர் நடக்கும்போது எடுக்கும் விலகல் போர் முடியும்வரை செல்லாது என்கிறது சமவாயத்தின் 20-ஆம் பிரிவு. பயம் தலைக்கேறும் நேரத்தில் கையைக் கட்டிப்போடத்தான் அந்தப் பிரிவை எழுதினார்கள். அது கட்டுவதற்கு முன்பே நீங்கள் கையை உருவிக்கொண்டீர்கள். லித்துவேனியா கொத்துக்குண்டுத் தடையிலிருந்தும் 2025 மார்ச்சில் விலகியது. உங்களைப் பார்த்து நாளை எந்த அரசும் சொல்லலாம், எங்களுக்கும் எல்லை உண்டு என்று. ஒருநாளும் சேராத அமெரிக்காவும் சீனாவும் இந்தியாவும் பாகிஸ்தானும் இனிச் சேருவதற்கு என்ன காரணம் மிஞ்சும்? இந்தியாவிடமும் இதே கேள்வியைத் தமிழர்கள் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் சேர்ந்து, வெடிகளை அழித்து, மற்றவர்களையும் அழிக்கச் சொன்னவர்கள் நீங்கள். உங்கள் விலகல் அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

மீண்டும் இணையுங்கள். இணையும்வரை, போர் இல்லாத நாளில் ஒரு வெடியையும் மண்ணில் வைக்காதீர்கள். வைப்பதென்று முடிவானால், முதல் வெடி மண்ணுக்குள் போவதற்கு முன்பே அதை எடுக்கும் செலவை உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் தனிக் கணக்காக ஒதுக்குங்கள். ஒவ்வொரு வயலின் பதிவிலும் ஒரு பிரதியை நாட்டுக்கு வெளியே, ஐ.நா.விடம் வையுங்கள். மற்ற நாடுகளில் வெடி அகற்றக் கொடுத்துவரும் பணத்தை இந்தக் காரணம் சொல்லிக் குறைக்காதீர்கள். பணம் நின்றால் குத்தூசி நிற்கும், வெடி நிற்காது.

மீள இணைவதற்கு வேண்டியது ஒரு நாடாளுமன்றத் தீர்மானமும், நியூயோர்க்கில் ஐ.நா. செயலாளர் நாயகத்திடம் ஒப்படைக்கும் ஓர் ஆவணமும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருமாறு உங்கள் ஐவரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மிதிவெடி அகற்றும் வேலையை அறிந்தவர்கள்