அந்த இடது ஹூக்குக்கு முந்தைய ரவுண்டுகளையும் காட்டுங்கள்

சண்டை விளையாட்டுகளை ஒளிபரப்பும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு முன்னோட்டமும் துணுக்குக் காணொளிகளும் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் பிள்ளைகளுக்குக் கிக்பாக்சிங் சொல்லிக்கொடுப்பவன். பல வருடங்களாக மனதில் வைத்திருந்ததைப் போன மாதம் நடந்த ஒரு சம்பவம் எழுத வைத்துவிட்டது.

2017 மார்ச் 4, சாவோ பாலோ. கிக்பாக்சிங் சண்டை. பிரேசில் வீரர் அலெக்ஸ் பெரேராவின் இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து. அடுத்த நொடி நியூசிலாந்து வீரர் இஸ்ரேல் அடேசான்யா தரையில். நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்த இருவர் பெயரும் வருகிற இடத்திலெல்லாம் நீங்கள் போடுவது அதைத்தான். அது மூன்றாம் ரவுண்டு. இரண்டாம் ரவுண்டில் அடேசான்யாவின் அடியில் பெரேரா தடுமாறி, அவரால் தொடர முடியுமா என்று பார்க்க நடுவர் குறுக்கே வந்து எண்ணினாரே, அதை எத்தனை முறை காட்டியிருக்கிறீர்கள்?

சம்பவத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் இரண்டு பையன்கள், இருவருக்கும் பதினாறு வயது, ஏறக்குறைய ஒரே எடை. லேசாகத் தொட்டு ஆடும் ஸ்பாரிங்தான், பயிற்சிச் சண்டைதான், கொடுத்திருந்தேன். ஒருவன் திடீரென்று முகத்தைக் காக்கும் கையை இறக்கிவிட்டு, கையை இடுப்புக்குப் பின்னாலிருந்து சுழற்றி முழு பலத்தோடு வீசினான். மற்றவன் ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டிருந்தான். ஆனாலும் விழுந்தான். உடனே எழுந்து, "ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்றான். அவனை அன்று மறுபடி இறக்கவில்லை. உடனே மருத்துவரிடம் அழைத்துப்போனோம். இரவு வாந்தி. மறுநாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து ஆடுகிறது என்றான். மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை, காலாண்டுத் தேர்வும் எழுதவில்லை. அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "எப்போ சரியாகும் சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அடித்தவனை உட்கார வைத்துக் கேட்டேன். "பெரேரா மாதிரி அடிச்சேன் மாஸ்டர்" என்றான், அழுதுகொண்டே. அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தான் என்று அவனுக்கே கணக்கில்லை. முழுச் சண்டையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெரேராவுக்கு அதே சண்டையில் நடுவர் எண்ணினார் என்றதும் நம்பவில்லை.

என் கண் முன்னால் நடந்தது, அதற்கு நான்தான் பொறுப்பு. அதை உங்கள் தலையில் கட்ட வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நாக்அவுட்டைக் காட்டும்போது அதற்கு முன்னால் நடந்ததையும் காட்டுங்கள்.

பெரேராவின் ஹூக் அந்தப் பையன் நினைத்ததுபோல் தூரத்திலிருந்து சுழன்று வருவதில்லை. பாதமும் இடுப்பும் திரும்பும்போது அவற்றோடு சேர்ந்து, குட்டையாக வருகிறது. அதற்கு முன் காலில் விழும் உதைகள், எதிராளியின் கவனத்தைத் திருப்பும் வலது கை, பொறுமையாக அடி எடுத்து வைத்து இடத்தை அடைத்துக்கொண்டு வருவது, இவ்வளவும் இருக்கின்றன. பத்து நொடித் துணுக்கில் இதில் எது தெரியும்?

இந்தப் பகையே அந்த ஒரு குத்தில் பிறந்ததுபோல் சொல்கிறீர்கள். 2016 ஏப்ரலில் ஷென்சென் நகரில் இருவரும் முதலில் மோதியபோது நாக்அவுட்டே இல்லை. நடுவர்களின் புள்ளிகளில் பெரேரா வென்றார். பிறகு இருவரும் கூண்டுக்குள் நடக்கும் யுஎஃப்சி கலப்புச் சண்டைக்கு மாறினார்கள். அங்கே 2022 நவம்பரில் நியூயார்க் சண்டையில் நான்கு ரவுண்டு முடிவில் முன்னிலையில் இருந்தது அடேசான்யா. ஐந்தாவதில்தான் பெரேரா முடித்தார். 2023 ஏப்ரலில் மயாமியில், காலில் உதை வாங்கி, கூண்டுக் கம்பியில் சாய்ந்து நின்ற அடேசான்யா இரண்டாம் ரவுண்டில் பெரேராவை விழ வைத்தார். மூன்று முறை இதே மனிதரிடம் தோற்ற பிறகு! அவர் அம்பு எய்வதுபோல் கொண்டாடியதைத்தான் உடனே வெட்டிப் போட்டீர்கள்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. சாவோ பாலோவில் பெரேராவின் சின்ன மகன், அடேசான்யா விழுந்ததைப் போலவே விழுந்து காட்டினான். குழந்தைதானே, அப்பா ஜெயித்த சந்தோஷம். வீட்டில் நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் மயாமியில் அடேசான்யா அந்தப் பையனைப் பார்த்து அதேபோல் விழுந்து காட்டினார். தோல்வியின் காயம் ஆறு வருடம் ஆறவில்லை என்று அவர்மேல் எனக்குப் பரிதாபம்தான். அந்தக் குழந்தையின் முகத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காசு பார்த்தவர்கள்மேல் அந்தப் பரிதாபம் வரவில்லை. நினைவிழந்து விழுந்து கிடக்கிற ஒரு மனிதரை மெதுவாக்கி, பாட்டு சேர்த்து, நாலு கோணத்தில் காட்டுகிறீர்கள். அவர் எப்போது எழுந்தார், யார் தாங்கிப் பிடித்தார்கள் என்பது உங்களுக்கு முக்கியமாகப் படவே இல்லையா?

மன்னியுங்கள், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். உங்கள் தொழிலில் வேகம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. நாக்அவுட்டைக் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. நானும் அதைப் பார்த்துக் கை தட்டியவன்தான். பணிவாகக் கேட்கிறேன்: இரண்டாம் ரவுண்டில் நடுவர் எண்ணும் காட்சியைச் சேருங்கள். விழுந்தவர் எழுந்து நிற்கும் வரை கேமராவைத் திருப்பாதீர்கள். முழுச் சண்டையை எங்கே பார்க்கலாம் என்று ஒரு வரி கீழே போடுங்கள். உங்களுக்கு இது அரை மணி நேர வேலை.

அடிவாங்கிய பையன் போன திங்கள்கிழமை வகுப்புக்கு வந்தான், பார்க்க மட்டும். மருத்துவர் சொல்லும்வரை கையுறை கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். அவனும் அடித்தவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாவோ பாலோ சண்டையை இருவருக்கும் முதல் மணியிலிருந்து போட்டுக் காட்டப் போகிறேன். மற்ற பிள்ளைகளுக்கு நீங்கள் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிக்பாக்சிங் பயிற்சியாளர்