ஊசி குத்திய இடம் வலிக்கிறதா

தம்பி,

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. சார்ஜ் இல்லை என்று அக்காவிடம் சொன்னாயாம். நம்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ போட்ட உடம்பு, பேசத் தெம்பிருக்காது, எனக்குத் தெரியாதா? காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்.

முதுகில் ஊசி போட்டபோது நீ ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று நர்ஸ் சொன்னார். பெருமையாக இருந்தது. அவ்வளவு தைரியசாலிக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை.

முக்கியமாக ஒன்று. உன் அதிக எடையைப் பார்த்துப் பயந்து டாக்டர்கள் மருந்தைக் குறைத்துவிடக் கூடாது. சில மருந்துகளுக்குத் தனி வரம்பு உண்டாம். மற்றபடி நிஜ எடைக்கு முழு அளவு கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012இலேயே சொல்லிவிட்டது. டாக்டரிடம் கேள். கூச்சப்படாமல் கேள்.

அக்கா நிறையப் படித்திருக்கிறாள். கொழுப்புச் செல்கள் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தை உறிஞ்சிக்கொள்வதையும் டானோரூபிசின் என்ற இன்னொன்றைச் சிதைப்பதையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்களாம். அஸ்பராஜினேஸ் என்ற மருந்தைப் போடுவதே புற்றணுக்களைப் பட்டினி போடத்தான். அந்த நேரத்திலும் கொழுப்புச் செல் தானே குளுட்டமின் என்ற சத்தைச் செய்து அவற்றுக்கு ஊட்டுகிறதாம். ஊட்டுகிறது என்றே சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எட்டாம் வகுப்பில் பள்ளியில் எடை பார்த்து ஒரு சீட்டு கொடுத்தார்களே. அதைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "இவர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று நான்காக மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். அப்பாவிடம் காட்டவில்லை. போதும் என்று நீ தட்டின்மேல் கையை வைத்து மறைப்பாய். கையை விலக்கிவிட்டுப் போடுவேன். உனக்குப் பசித்ததா என்று நான் கேட்டதே இல்லை, தம்பி. சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்காக இப்போது நீயாகப் பட்டினி கிடக்காதே. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 40 இளம் நோயாளிகளுக்கு முதல் மாதம் கலோரியைக் குறைத்து, உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்களாம். எலும்பு மஜ்ஜையில் மிச்சம் தங்கிய புற்றணு குறைந்திருந்தது என்று 2021இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கூடவே டயட்டீஷியன் இருந்து செய்தது அது. உன் டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். மருந்தின் அளவையும் கேள்.

29ஆம் நாள் மஜ்ஜை எடுத்தார்களே, இடுப்பில் ஊசி குத்திய இடம் இன்னும் வலிக்கிறதா? அதை மட்டுமாவது எழுது.

அம்மா